சோலார் சார்ஜர் போட்டும் ஜென்செட் பேட்டரி மூன்று வாரத்தில் இறங்கிவிடுகிறது. எங்கே பார்ப்பது?

மண்டபத்துப் பொறுப்பாளர்:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கோயில் மண்டபத்தில் இருக்கும் ஜென்செட் பற்றிய கேள்வி. 20 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் செட். மண்டபத்துக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் இருக்கிறது, அந்தக் கொட்டகைக்கு மெயின் லைன் கிடையாது. கரண்டு போனால் மெயினிலிருந்து ஜென்செட்டுக்கு மாற்றும் சேஞ்ச்-ஓவர் சுவிட்சைக் கையால் திருப்பி, சாவி போட்டு ஸ்டார்ட் செய்வோம். ஆட்டோ ஸ்டார்ட் வசதி ஜென்செட்டின் கண்ட்ரோல் பெட்டியில் உண்டு, ஆனால் பயன்படுத்துவதில்லை.

பேட்டரி 12 வோல்ட், 70 ஆம்ப்-மணி, தண்ணீர் ஊற்றும் சாதா பேட்டரி. போட்டு எட்டு மாதம். சும்மா இருக்கும்போது இறங்கக்கூடாதென்று 10 வாட் சோலார் பேனல் ஒன்றைக் கொட்டகையின் தகரக் கூரையில் வைத்து, 10 ஆம்ப் சாதா பிடபிள்யூஎம் (பேனல் கரண்டை விட்டுவிட்டுத் திறந்து மூடும் வகை) சார்ஜ் கண்ட்ரோலர் வழியாக பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறோம். பச்சை விளக்கு பகலெல்லாம் எரிகிறது. பேனல் வயரைக் கழற்றி அளந்தால் 20.8 வோல்ட். மத்தியானம் பேட்டரியில் அளந்தபோது 12.7 வந்தது. அட்டவணைப்படி அது முழு சார்ஜ்தானே?

இருந்தும் மூன்று வாரம் போனால் சாவியைத் திருப்பும்போது 'டக் டக்' என்ற சத்தத்தோடு சரி. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றி வந்தால் மறுபடி மூன்று வாரம். சார்ஜ் கண்ட்ரோலர் கெட்டுவிட்டதா? புதிது வாங்கலாமா? அடுத்த மாதம் திருவிழா.

பெங்கேல் பையன்:

எட்டு மாதத்தில் நாலைந்து தடவை அடிமட்டம் வரை இறங்கியிருந்தால் பேட்டரி போயிருக்கும். மாற்றிவிடுங்கள்.

வயர்மேன்:

இருங்கள் தம்பி, காசைக் கரியாக்க வேண்டாம். மாற்றுகிற புதுப் பேட்டரியும் இதே கதிக்குத்தான் வரும். முதலில் மூன்று அளவு வேண்டும். நீங்கள் எடுத்த இரண்டுமே ஏமாற்றும் அளவுகள்.

12.7 என்பது முழு சார்ஜ்தான், ஆனால் பேட்டரி பல மணி நேரம் எதுவும் ஏறாமல் இறங்காமல் ஓய்ந்திருந்தால் மட்டும். வெயிலில் பேனல் தள்ளிக்கொண்டிருக்கும்போது பாதி காலியான பேட்டரிகூட 12.7 காட்டும். பேனலின் 20.8-ம் அப்படித்தான். சுமை இல்லாத வோல்ட்டேஜ் மங்கிய வெளிச்சத்திலும் 20 வரும், அழுக்குப் பிடித்த பேனலிலும் வரும். ஆம்ப் எவ்வளவு தருகிறது என்பதே கேள்வி. பச்சை விளக்கு? பேனல் பக்கம் வோல்ட்டேஜ் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

முதல் அளவு: வெளிச்சம் வருமுன், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்துக்கு, காலை ஆறு ஆறரைக்கு பேட்டரி முனைகளில் நேராக வோல்ட்டேஜ் பாருங்கள். ஓய்ந்த பேட்டரியில் 12.6-க்கு மேல் என்றால் முழுசு, 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி.

இரண்டாவது: ஜென்செட் நிறுத்தியிருக்கும்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு உறிஞ்சுகிறது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கி வையுங்கள், மோதிரம் வாட்ச் கழற்றுங்கள். பேனல் வயரை சார்ஜ் கண்ட்ரோலரிலிருந்து முதலில் கழற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கணக்கும் கலந்துவிடும். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் ஓட்டையில் மாற்றி, டிசி ஆம்ப் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலும் இன்னொன்றை நெகட்டிவ் கேபிளின் கிளாம்பிலும் வைத்த பிறகு கிளாம்பைத் தூக்குங்கள். அப்போது பெட்டிக்குக் கரண்டு அறுபடாது, அது திரும்ப விழித்துக்கொண்டு தப்பான அளவு காட்டாது. ஐந்து நிமிடம் விட்டுப் படியுங்கள். மீட்டர் தொடரில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பவே கூடாது. ஸ்டார்ட்டர் நூறு ஆம்புக்கு மேல் இழுக்கும், மீட்டர் ஃபியூஸ் நொடியில் போய்விடும்.

மூன்றாவது: நல்ல வெயிலில், பகல் 12-லிருந்து 1-க்குள், கழற்றிய பேனல் வயர் இரண்டையும் அதே 10 ஆம்ப் நிலையில் மீட்டரோடு நேராகச் சேருங்கள். பேனலை ஷார்ட் செய்வதால் அதற்கு ஒன்றும் ஆகாது, தன் அளவுக்கு மேல் அதனால் தர முடியாது. ஆனால் இதே நிலையில் மீட்டரை பேட்டரி முனைகளில் மட்டும் வைத்துவிடாதீர்கள்! 10 வாட் பேனல் 0.6 ஆம்ப் அருகில் தர வேண்டும்.

மண்டபத்துப் பொறுப்பாளர்:

நன்றி அண்ணே. எல்லாம் அளந்தாயிற்று. காலை 6.30-க்கு 12.15 வோல்ட். கடைசியாக சார்ஜ் ஏற்றி 18 நாள் ஆகிறது. சும்மா இருக்கும்போது உறிஞ்சுவது 0.14 ஆம்ப். ஜென்செட் கண்ட்ரோல் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கினால் 0.02 ஆகிவிடுகிறது. பேனல் மத்தியானம் 0.38 ஆம்ப்தான். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பாசி கட்டியிருக்கிறது, மூன்று மணிக்கு மேல் பக்கத்துச் செம்பனையின் மட்டை நிழல் விழுகிறது.

வயர் கட்டியிருக்கும் விதம்: பேனலின் சிவப்பு வயர் கண்ட்ரோலருக்கு வருகிறது. கறுப்பு வயரை ஜென்செட்டின் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முறுக்கி, அங்கிருந்து இன்னொரு கறுப்பு வயர் கண்ட்ரோலருக்குப் போகிறது. முன்பு யாரோ செய்தது.

வயர்மேன்:

கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது தம்பி. சம்பளம் போலப் பாருங்கள்.

செலவு: 0.14 ஆம்ப் இரவும் பகலும், 24 மணி நேரம். நாளுக்கு 3.36 ஆம்ப்-மணி. வரவு: நம் ஊரில் முழு வெயிலுக்குச் சமமான நேரம் நாளுக்கு நான்கு மணி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 0.38-ஐ நான்கால் பெருக்கினால் 1.5. நாளுக்கு 1.85 ஆம்ப்-மணி கடன். 18 நாளில் 33. எழுபதில் 33 போனால் மிச்சம் பாதி. மீட்டரும் 12.15 என்று அதையேதான் சொல்கிறது. கண்ட்ரோலர் நன்றாகவே இருக்கிறது, வரவு செலவுதான் கட்டவில்லை.

பேனலைத் துடைத்து நிழலில்லாத இடத்துக்கு மாற்றினால் வரவு 2.2 வரை போகலாம். அப்போதும் பற்றாது. ஆக வழி இரண்டு.

முதல் வழி செலவைக் குறைப்பது. நீங்கள் கையால்தான் ஸ்டார்ட் செய்கிறீர்கள், பெட்டி இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் அதைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் போடுங்கள், லாரிகளில் இருக்குமே அந்தத் திருகு சாவி வகை. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டைத் தாங்கும் அளவில் வாங்க வேண்டும், தொடர்ச்சியாக 200 ஆம்ப் என்று போட்டிருப்பது போதும். சார்ஜ் கண்ட்ரோலரின் நெகட்டிவ் வயர் மட்டும் ஐசொலேட்டருக்கு முன்னால், பேட்டரி போஸ்ட்டிலேயே நேராக இருக்கட்டும். அப்போது சுவிட்ச் அணைந்திருந்தாலும் சோலார் ஏறும், செலவோ கண்ட்ரோலர் குடிக்கும் சொற்பமும் பேட்டரி தானாக இழப்பதும் மட்டும்தான். இதற்கு உங்கள் 10 வாட் பேனலே தாராளம்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது ஐசொலேட்டரை அணைக்கக்கூடாது. பேட்டரி திடீரென்று விலகினால் சார்ஜிங் ஆல்டர்நேட்டரின் வோல்ட்டேஜ் துள்ளி, அதன் டையோடும் ரெகுலேட்டரும் போகும், கண்ட்ரோல் பெட்டியும் போகலாம். சுவிட்ச் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். கரண்டு போன இருட்டில் வேறு யாராவது வந்து ஸ்டார்ட் செய்ய நேரும், அவருக்கும் புரிய வேண்டும்.

இரண்டாவது வழி, ஆட்டோ ஸ்டார்ட் வேண்டுமென்றால் பெரிய பேனல். பெட்டிக்கு 3.4, கண்ட்ரோலருக்கும் பேட்டரியின் சொந்த இழப்புக்கும் அரை, ஆக நாலு. ஏறுவதில் கொஞ்சம் வீணாகும், நாலரை என்று வையுங்கள். தினமும் சாயங்கால மழை, அப்புறம் புகைமூட்டம் வரும் மாதங்கள், இவற்றுக்கு வெயிலை மூன்று மணியாகக் குறைத்தால் 1.5 ஆம்ப் தேவை. அதற்கே 30 வாட். எனக்கு இதில் கஞ்சத்தனம் பிடிக்காது, 50 வாட் போடுங்கள். அது 2.8 ஆம்ப் தரும். 70 ஆம்ப்-மணி பேட்டரிக்கு 7 ஆம்ப் வரை பயமில்லை, உங்கள் கண்ட்ரோலரும் தாங்கும்.

பேனலைத் தகரத்தோடு ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். சூட்டில் வோல்ட்டேஜ் குறையும், பாசியும் ஏறும். தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு கொடுங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்குப் பக்கத்தில்தான் போகிறது, சாய்வு மழை கழுவிக்கொண்டு போவதற்காக.

சோலார் பித்தன்:

வயர்மேன் அண்ணன் கணக்கு சரி. ஆனால் 50 வாட் பேனலை மாட்டுமுன் அந்தக் கறுப்பு வயரைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். இது ரொம்ப முக்கியம்.

மலிவு பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் பெரும்பாலும் பாசிட்டிவை உள்ளே நேராக ஒன்றாக இணைத்து, நெகட்டிவைத்தான் திறந்து மூடும். பேட்டரி நிறைந்ததும் பேனல் நெகட்டிவை அறுக்கும், அதுதான் அதன் வேலை. உங்கள் ஜென்செட்டின் இரும்புச் சட்டம் பேட்டரி நெகட்டிவோடு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. பேனல் நெகட்டிவும் அதே சட்டத்தைத் தொட்டால் கண்ட்ரோலர் அறுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை, கரண்டு சட்டம் வழியாகவே சுற்றிப் போய்விடும். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

10 வாட்டில் இது தெரியவில்லை, ஏனென்றால் ஏறுவதைப் பெட்டியே குடித்துவிடுகிறது. 50 வாட் போட்டால் அன்றிலிருந்து பேட்டரி நிறைந்த பிறகும் ஏறிக்கொண்டே இருக்கும். வோல்ட்டேஜ் 15-ஐத் தாண்டும், தண்ணீர் கொதித்துக் குறையும், தகடுகள் வெளியே தெரியும், அடுத்தது புதுப் பேட்டரி.

(ஐசொலேட்டர் அணைந்திருக்கும்போது சட்டம் வழி அறுபடும் என்பது உண்மை. ஆனால் அப்போது அந்த போல்ட் கண்ட்ரோலருக்கு வெறும் ஜாயின்ட். துருப்பிடித்தால் சார்ஜே போகாது. இரண்டு நிலையிலும் அது அங்கே இருக்கக்கூடாது.)

கண்ட்ரோலர் எந்த வகை என்று பார்க்க எல்லா வயரையும் கழற்றி, மீட்டரை ஓம் நிலையில் வைத்து பேனல் பிளஸ், பேட்டரி பிளஸ் இரண்டையும் தொடுங்கள். பூஜ்யம் காட்டினால் நான் சொன்ன வகை. பேனலின் கறுப்பு வயர் எதையும் தொடாமல் நேராக கண்ட்ரோலரின் பேனல் மைனஸுக்கு வரட்டும். பேனலின் அலுமினியச் சட்டத்தை எர்த் செய்வது வேறு விஷயம், இடி மின்னல் அதிகமான நம் ஊரில் செய்யலாம். அந்தச் சட்டம் உள்ளே இருக்கும் செல்களோடு சேர்ந்ததல்ல.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். கண்ட்ரோலர் 12-ஆ 24-ஆ என்பதை பேட்டரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பேட்டரி இல்லாமல் பேனலின் 20 வோல்ட்டைக் கொடுத்தால் குழம்பிவிடும்.

கண்ட்ரோலரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கூரைக்குக் கீழே பேனல் பக்கத்திலா, பேட்டரி பக்கத்திலா?

மண்டபத்துப் பொறுப்பாளர்:

பேனல் பக்கத்தில். அங்கிருந்து பேட்டரிக்கு மெல்லிய வயர் சுமார் 8 மீட்டர்.

சோலார் பித்தன்:

பேட்டரி பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு வோல்ட் தொலைந்தாலும் கவலையில்லை, அங்கே 17, 18 வோல்ட் வருகிறது, உபரி இருக்கிறது. கண்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவில் தொலைந்தால்தான் தொல்லை. கண்ட்ரோலர் தன் முனையில் 14.4 பார்த்து 'நிறைந்துவிட்டது' என்று குறைத்துக்கொள்ளும், பேட்டரியில் 13.6-தான் இருக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், இரண்டு மீட்டருக்குள், போதும். கொட்டகைச் சுவரில் வையுங்கள், எஞ்சின் சட்டத்தில் திருகாதீர்கள், அதிர்வில் முனைகள் தளரும். பேட்டரிக்கு நேர் மேலேயும் வேண்டாம், அமில ஆவி பச்சைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும்.

பேட்டரி வகையைத் தேர்வு செய்யும் வசதி இருந்தால் தண்ணீர் ஊற்றும் வகைக்கு மாற்றுங்கள். இந்த மாதிரி கண்ட்ரோலர் பலவற்றில் பி1 மூடிய பேட்டரி, பி2 ஜெல், பி3 தண்ணீர் வகை. கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்கேல் பையன்:

சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் பேட்டரியைச் சோதிக்காமல் திருவிழாவை நம்பி இருக்காதீர்கள். பாதிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கட்டிப்போகும்.

முதலில் மெயின் சார்ஜரில் 5 முதல் 7 ஆம்ப் வைத்து முழுசாக ஏற்றுங்கள். 10 வாட் பேனலை நம்பி விட்டால் இந்த 33 ஆம்ப்-மணி திரும்ப வர வாரக்கணக்கில் ஆகும். அது பேட்டரியை நிறைந்தபடி வைத்திருக்கும் சாதனம், காலியானதை நிரப்பும் சாதனம் அல்ல. மூடிகளைத் தளர்த்தி, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் சிகரெட் இல்லாமல். வெளிவரும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்கே வெடிக்கும்.

ஏற்றி முடித்து ஒரு ராத்திரி விட்டு, அமில அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் பாருங்கள். 1.265 பக்கம் வர வேண்டும். வெப்ப நாட்டுக்கென்று அமிலம் குறைத்து நிரப்பிய பேட்டரியில் 1.250 கூட முழு சார்ஜ்தான். எண்ணைவிட ஆறுக்குள் இருக்கும் வித்தியாசம் முக்கியம். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் கீழே இருந்தால் அந்தப் பேட்டரிக்குக் கும்பிடு போட்டுவிடுங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் சார்ஜ் ஏறிய பிறகு குறி வரை காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர் மட்டும். ஏர்கானில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம் நிறைய இடத்தில் உண்டு, சுருளின் தூசியும் உலோகமும் சேர்ந்து வரும், வேண்டாம்.

பிறகு ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். 10-க்கு மேலே நின்றும் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் கேபிள் பக்கம் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை நெகட்டிவ் போஸ்ட்டில், மற்றது எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்தில் வைத்து ஸ்டார்ட் செய்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் எர்த் முனை துரு, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். புதிதாக ஐசொலேட்டர் போட்ட பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள், மட்டமான சுவிட்ச் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மண்டபத்துப் பொறுப்பாளர்:

செல்கள் 1.250, 1.245, 1.250, 1.240, 1.250, 1.245. ஸ்டார்ட் செய்யும்போது 10.3. எஞ்சின் பிளாக்குக்கு 0.2. பேட்டரி தப்பித்தது போலிருக்கிறது.

கண்ட்ரோலர் கீழே வந்துவிட்டது, கறுப்பு வயர் சட்டத்திலிருந்து விலகிவிட்டது. ஐசொலேட்டர் வழியைத்தான் எடுத்தோம், 10 வாட் பேனல் அப்படியே, துடைத்துச் சாய்த்து வைத்ததில் மத்தியானம் 0.54. பத்து நாள் கழித்து இன்று காலை 6.30-க்கு 12.68.

மூன்று சந்தேகம். ஃபியூஸ் எங்கே, எவ்வளவு? கண்ட்ரோலரில் விளக்குப் படம் போட்ட லோட் முனை சும்மா இருக்கிறதே, ஜென்செட் பெட்டியை அதில் கொடுத்தால் பேட்டரி இறங்கும்போது தானாக அறுக்கும் அல்லவா? கமிட்டியில் ஒருவர், பேசாமல் மண்டபத்திலிருந்து லைன் இழுத்து மெயின் சார்ஜர் வைத்தால் என்ன என்கிறார்.

வயர்மேன்:

ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், கண்ட்ரோலருக்குப் போகும் வயரில், 5 ஆம்ப். பிற்பாடு 50 வாட் போட்டால் 7.5. பேனல் பக்கம் வைத்துப் பயனில்லை. ஷார்ட் ஆனால் வயரை எரிப்பது பேட்டரிதான்.

லோட் முனை வேண்டாம். ஸ்டார்ட்டரை அதில் கொடுத்தால் கண்ட்ரோலர் புகையாகிவிடும். பெட்டியை மட்டும் கொடுத்தாலும், வழக்கமாக 10.7 வோல்ட்டில் அறுத்து 12.6 வந்த பிறகுதான் திரும்பக் கொடுக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் வோல்ட்டேஜ் 10.3-க்கு இறங்குகிறது என்று நீங்களே அளந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அறுத்தால் எஞ்சின் நின்றுவிடும், நல்ல பேட்டரியை வைத்துக்கொண்டு இருட்டில் நிற்பீர்கள்.

மெயின் சார்ஜர் நல்ல யோசனைதான், ஆட்டோ ஸ்டார்ட் வைத்திருப்பவர்களுக்கு அதுவே முதல் வழி. மூன்று நான்கு ஆம்ப், நிறைந்ததும் 13.5 பக்கம் இறங்கி நிற்கும் வகை. சாதா பெங்கேல் (பட்டறை) சார்ஜரை நிரந்தரமாக மாட்டிவிடாதீர்கள், அது நிறைந்த பிறகும் ஏற்றும். சோலாரைக் கழற்ற வேண்டியதில்லை, இரண்டும் சண்டை போடாது, வோல்ட்டேஜ் உயர்ந்திருப்பதைப் பார்த்து கண்ட்ரோலர் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் கொட்டகைக்கு 230 வோல்ட் இழுப்பது எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. லைனை மெயின் பக்கத்திலிருந்து எடுங்கள், சேஞ்ச்-ஓவருக்குப் பின்னாலிருந்து எடுத்தால் ஜென்செட் தன் பேட்டரிக்குத் தானே சார்ஜர் ஓட்டிக்கொண்டிருக்கும், ஆல்டர்நேட்டர் இருக்கும்போது அது தேவையில்லாத சுற்று.

திருவிழாவுக்கு முந்தின வாரம் ஐசொலேட்டரை ஆன் செய்து, அரைமணி நேரம் மண்டப விளக்கும் ஃபேனும் சுமையாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓடும்போது பேட்டரி முனையில் 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்நேட்டர் பெல்ட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.